கைவினையில் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

கேள்வி இதுதான்: "பாரம்பரியக் கைவினை என்ற பெயரில் இன்று எல்லாரும் புதுப் புது டிசைன் போடுகிறார்கள். கட்ச் பகுதியின் அஜ்ரக் அச்சு முறையில் பட்டுச் சேலை, தோடர் பூத்தையலில் கைப்பை, காஞ்சிப் பட்டில் வெறும் கோடும் கட்டமும். இவர்கள் கலையைக் காக்கிறார்களா, கெடுக்கிறார்களா? உண்மையாகச் செய்பவர்களை எப்படி அடையாளம் காண்பது?"

துணி வடிவமைப்பில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். மாற்றுவது தவறே இல்லை. ஒரு கைவினையின் உயிர் அதன் செய்முறைக் கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கு தெரிந்தவரே எதை மாற்றுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிற இடத்தில் கலை வளர்கிறது. முடிவெடுக்கும் உரிமை வேறொருவரிடம் போய், கைவேலைக்காரர் வெறும் கூலிக்காரர் ஆகிவிட்டால், பழைய டிசைனையே இம்மி பிசகாமல் செய்தாலும் கலை தேயத் தொடங்கிவிடும். இதை நான் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீடு. குழித்தறி. நான் கொண்டு போயிருந்த டிசைனில், சேலையின் உடலும் கரையும் சேரும் இடம் நேர்கோடாக இல்லாமல் அலைபோல வளைந்து போகும். கணினியில் மிக அழகாக இருந்தது. நெசவாளர் அறுபதைத் தாண்டியவர். படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "தம்பி, படம் நன்றாக இருக்கிறது. இந்த வளைவில் நாடா எங்கே திரும்பும் என்று யோசித்தீர்களா?" என்று கேட்டார்.

நாடா என்பது குறுக்கு இழையை இழுத்துக்கொண்டு போகும் கருவி. அந்தக் கேள்வி புரிய வேண்டுமென்றால், உடலையும் கரையையும் பிணைக்கும் கோர்வை என்ன என்று தெரிய வேண்டும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நிறப் பாவு (நீள இழை), கரைகளுக்கு வேறு நிறப் பாவு. ஊடையும் (குறுக்கு இழை) அப்படியே. அதனால் ஒரு நாடா போதாது, மூன்று வேண்டும்: இடக் கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, வலக் கரைக்கு ஒன்று. கரையின் ஊடை உடலின் எல்லை வரை வந்து, உடலின் ஊடையோடு ஒரு கொக்கிபோல மாட்டிக்கொண்டு திரும்பிப் போகும். மறுபக்கத்திலும் அதே வேலை. ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டு இடங்களில் இந்தப் பிணைப்பு. ஒரு பக்க நாடாவை எறிய இன்னொரு ஆள் உட்கார வேண்டும். சேலை முழுவதும் இப்படித்தான். நூல் நைந்தாலும் கரை பிரிந்து வராது என்று பெரியவர்கள் சொல்வது இந்தப் பிணைப்பை வைத்துத்தான்.

பாவு நேராகத்தான் ஓடும், வளையாது. ஆகவே என் அலை, பாவின் கணக்குக்குப் பொருந்தாத ஒரு படம். அவர் அதை மறுக்கவில்லை. கோர்வை சேரும் இடத்தில் பல்பல்லாக நீட்டிக்கொண்டிருக்கும் தாழம்பூ ரேக்கைக் காட்டினார். "இதன் உயரத்தை ஏற்றி இறக்கினால் போதுமே. ஒன்று சிறியது, அடுத்தது சற்றுப் பெரியது, பிறகு மறுபடி சிறியது. தூரத்தில் இருந்து பார்த்தால் உங்கள் அலை வந்துவிடும்" என்றார். மூன்றாம் நாள் தறியில் ஒரு முழம் நெய்து காட்டினார். நான் வரைந்ததைவிட அது நன்றாக இருந்தது. ரேக்கு என்ற மிகப் பழைய உறுப்பை எடுத்து, யாரும் அதுவரை எனக்குக் காட்டியிராத ஒன்றைச் செய்திருந்தார். அந்தச் சேலை கடைக்குப் போனபோது வடிவமைப்பாளர் என்று அட்டையில் என் பெயர் இருந்தது. அவர் பெயர் இல்லை. இன்றுவரை அது என்னை உறுத்துகிறது.

இப்போது கேள்விக்கு வருவோம். "பாரம்பரிய டிசைன்" என்று நாம் சொல்லும்போது பெரும்பாலும் மயில்கண், ருத்திராட்சம், மல்லிகை மொக்கு, கோபுரம் போன்றவற்றைத்தான் நினைக்கிறோம். இவற்றை யார் வேண்டுமானாலும் படம் எடுத்து, விசைத்தறியிலோ அச்சு இயந்திரத்திலோ ஒரே நாளில் ஆயிரம் சேலையில் போடலாம், போடுகிறார்கள். அச்சில் எடுக்க முடியாதவை கோர்வையும் பிட்னியும்தான். முந்தியின் பாவு வேறு நிறமாக இருக்க வேண்டும் என்றால், உடலின் பாவு இழைகளோடு முந்தியின் பாவு இழைகளைக் கையாலேயே சேர்த்து, சில ஊடை நெய்து பிணைத்தபின் பழைய இழைகளை வெட்டிவிடுவார்கள். ஆயிரக்கணக்கான இழைகள். இதுதான் பிட்னி. கட்டம் போட்ட சேலையாக இருந்தாலும், பூவே இல்லாத வெற்று உடலாக இருந்தாலும், கோர்வையும் பிட்னியும் இருந்தால் நான் அதைக் காஞ்சி மரபின் சேலை என்றே சொல்வேன். மயிலும் யானையும் நிறைந்து, கரை வெறும் ஜக்கார்டில் (தறியின் மேல் பொருத்தி, பூ வேலையைத் தானாக எடுக்கும் பெட்டி) ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் அப்படிச் சொல்ல எனக்கு நாக்கு வராது.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஜக்கார்டுப் பெட்டியே ஒரு காலத்தில் புதிதாக வந்ததுதான். அதற்கு முன் கரையின் பூவை 'அடை' என்ற முறையில் நூல் கட்டி எடுத்தார்கள். பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது, ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. மாறாத, கலக்காத ஒரு காஞ்சிப் பட்டு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆகவே "மாற்றினால் கெட்டுவிடும்" என்ற பயத்தை முதலில் விட்டுவிடலாம்.

மரபுக்குள் விதி எங்கே இருக்கிறது, சுதந்திரம் எங்கே இருக்கிறது என்பதைச் சுவாமிமலையில் பார்க்கலாம். அங்கே சிலை வார்க்கும் ஸ்தபதி முதலில் எடுப்பது ஒரு தென்னை ஓலைக் கீற்று. சிலை எவ்வளவு உயரமோ அவ்வளவு நீளத்துக்கு ஓலையை நறுக்கி, மடித்து மடித்து அளவுகளைக் குறிப்பார். இதற்கு ஒடியோலை என்று பெயர். பெருந்தெய்வங்களுக்கான உத்தம தசதாலம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 அங்குலம். இந்த அங்குலம் அடிக்கோலின் அங்குலம் அன்று, அந்தச் சிலையின் உயரத்தையே 124 பங்காக்கிப் பெற்ற அளவு. முகம் இத்தனை பங்கு, கழுத்து இத்தனை பங்கு என்று ஓலையின் மடிப்பே சொல்லிவிடும். சிலை அரையடியா ஆறடியா என்பது செய்விப்பவரின் விருப்பம். விகிதம் மட்டும் மாறாது. தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் கலந்து உருவம் பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, மண்ணை உடைத்தால் சிலை. அச்சு உடைந்துவிடுவதால் அதே சிலை இரண்டாம் முறை வராது. ஒவ்வொன்றிலும் விரலின் வளைவும் இதழின் ஓரமும் ஸ்தபதியின் முடிவு. விதி இறுக்கமாக உள்ள ஒரு மரபிலேயே இவ்வளவு இடம் இருக்கிறது.

ஆனால் நம் காலத்தில் இதை மிகத் தெளிவாகக் காட்டியவர்கள் குஜராத்தில் கட்ச் பகுதியின் அஜ்ரக் அச்சுக்காரர்கள். அவர்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

அஜ்ரக் என்பது ஆடு மாடு மேய்க்கும் மக்கள் இடுப்பிலும் தோளிலும் போட்டுக்கொண்ட துணி. நீலம், சிவப்பு, கறுப்பு, வெள்ளை. செய்யும் விதம் இப்படி: துணியை நன்றாக வெளுத்து, கடுக்காய் நீரில் தோய்த்துக் காயவைப்பார்கள். வெள்ளையாக நிற்க வேண்டிய கோடுகளைச் சுண்ணாம்பும் பிசினும் கலந்த குழம்பால் அச்சுக்கட்டை வைத்து ஒற்றுவார்கள். இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு நீரில் போட்டுப் பல நாள் புளிக்கவைத்தால் கிடைக்கும் கரைசல் கறுப்புக்கு. படிகாரம் சிவப்புக்கு. இவற்றைப் பசையோடு சேர்த்து ஒற்றுவார்கள். படிகாரத்துக்குச் சொந்த நிறம் கிடையாது. எங்கே சிவப்பு வரப்போகிறது என்பது அந்தக் கட்டத்தில் அச்சிடுபவரின் மனத்தில்தான் இருக்கும். அதன்பின் நீலத்துக்கு அவுரித் தொட்டி, வெயில், அலசல். கடைசியாக மஞ்சிட்டி என்ற செஞ்சாய வேரோடு கொப்பரையில் கொதிக்கவிடும்போது படிகாரம் பட்ட இடமெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவந்து எழும். பதினைந்து கட்டங்களுக்குக் குறையாத வேலை. (நம் சோழமண்டலக் கரையிலும் இதே வேதியியல்தான். அங்கே மஞ்சிட்டி என்றால் இங்கே சாயவேர். கடுக்காயும் படிகாரமும் இரண்டுக்கும் பொது. உலகம் முழுவதும் கப்பலேறிய நம் சாயத் துணிகள் இந்தக் கணக்கில் பிறந்தவைதான்.)

செயற்கைச் சாயம் வந்ததும் இந்தக் கணக்கு கைவிடப்பட்டது. மேய்ப்பர்களும் விலை குறைந்த ஆலைத் துணிக்கு மாறினார்கள். 1970களில் தமட்கா கிராமத்தின் முகமது சித்திக் கத்ரி இயற்கைச் சாயங்களுக்குத் திரும்பி, தம் மகன்கள் அப்துல் ரசாக், இஸ்மாயில், அப்துல் ஜப்பார் மூவருக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார். 2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பிறகு தமட்கா நீரில் இரும்புச் சத்து அதிகமாகிவிட்டது. மேலே சொன்ன செய்முறையை நினைத்துப் பாருங்கள்: கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு. அலசும் நீரிலேயே இரும்பு இருந்தால் சிவப்பும் வெள்ளையும் மங்கிப்போகும். நல்ல நீர் தேடிப் பல குடும்பங்கள் இடம் பெயர்ந்து புதிதாக ஓர் ஊரையே அமைத்தன. அதற்கு அஜ்ரக்பூர் என்றே பெயர் வைத்தார்கள். ஊரை விட்டார்கள், செய்முறையை விடவில்லை.

இன்று அதே குடும்பங்களின் இளைஞர்கள் பட்டிலும் கம்பளியிலும் அஜ்ரக் செய்கிறார்கள். பெரிய வெற்றிடம் விட்டு ஓரத்தில் மட்டும் அச்சிடுகிறார்கள். மாதுளைத் தோல், வேறு வேர்கள் என்று நிறம் கூட்டுகிறார்கள். தாத்தா பார்த்தால் "இது என்ன?" என்று கேட்கக்கூடிய துணிகளும் உண்டு. ஆனால் கட்டையின் கணக்கு, கடுக்காய், படிகாரம், அவுரி எல்லாம் அவரிடமிருந்து வந்தவை. இதை நான் கெடுப்பு என்று சொல்லவே மாட்டேன்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் ஒரு கல்வி முயற்சியும் இருக்கிறது. மானுடவியலாளர் ஜூடி ஃப்ரேட்டர் 2005இல் கட்சில் கலா ரக்ஷா வித்யாலயா என்ற பள்ளியைத் தொடங்கினார். 2014இல் சோமையா கலா வித்யா உருவானது. கைவினைஞர்களுக்கென்றே நடக்கும் வடிவமைப்புப் பள்ளிகள் இவை. நிறம், அமைப்பு, சந்தை என்று பாடங்கள் உள்ளூர் மொழியில் நடக்கும். சில வாரம் வகுப்பு, பிறகு வீட்டுக்குப் போய்த் தொழிலோடு பயிற்சி, மறுபடி வகுப்பு. நெசவோ அச்சோ கற்றுக்கொடுப்பதில்லை. அது வந்தவர்களுக்குத் தெரியும். முன்பெல்லாம் வாங்குபவர் பக்கத்து ஊர்க்காரர். அவருக்கு என்ன வேண்டும் என்று செய்பவருக்கே தெரியும். இன்று வாங்குபவர் எங்கோ ஒரு பெருநகரத்தில் இருக்கிறார். அந்த இடைவெளியில்தான் டிசைனர் என்ற இடைமனிதர் நுழைந்தார். இடைவெளியைக் கைவினைஞரே தாண்டக் கற்றுக்கொண்டால் முடிவும் அவர் கையிலேயே இருக்கும். என்னைப் போன்று படித்து வந்த டிசைனர்கள் எல்லாரும் தேவையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாங்கள் படத்தைக் கொடுத்துவிட்டு "அப்படியே செய்துகொடுங்கள்" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு கைவினைஞரின் மூளையைத் தொழிலிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறோம்.

வாங்குபவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கோடாலிக் கருப்பூர்ச் சேலை ஒரு சாட்சி. கும்பகோணத்துக்கு வடக்கே உள்ள அந்த ஊரில் தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துக்காக நெய்த சேலை அது. ஜரிகையால் பூ வேலை நெய்து, பிறகு மெழுகு தடவி வரைந்து, சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். சாயத்துக்கு நடுவே ஜரிகை மின்னும். 1855இல் தஞ்சை அரசு முடிந்தது. ஒரே ஒரு வாடிக்கையாளரை நம்பிய தொழில், அந்த வாடிக்கையாளர் போனதும் நின்றது. நெய்பவரும் வரைபவரும் சாயமிடுபவரும் சேர்ந்து இயங்கிய சங்கிலி அறுந்துவிட்டது. அருங்காட்சியகங்களில் துணி இருக்கிறது. பிற்காலத்தில் மீட்க முயன்றவர்களும் உண்டு. ஆனாலும் தந்தை மகனுக்கு வேலையின் நடுவே சொல்லும் நுணுக்கங்களைத் துணியைப் பார்த்து மட்டும் எடுக்க முடியவில்லை. அன்று அந்தச் சேலை வேறு அளவில், வேறு துணியில், வேறு மக்களுக்காக மாறியிருந்தால் ஒருவேளை இன்றும் இருந்திருக்கும்.

அதனால் நீலகிரியில் தோடர் பெண்கள் கைப்பையும் மேசை விரிப்பும் தைப்பதைப் பார்த்து நான் வருத்தப்படுவதில்லை. பூத்துக்குளி என்ற அவர்களின் போர்வையில் வரும் அதே சிவப்பும் கறுப்பும் கொண்ட தையல்தான். துணியில் முன்கூட்டி எதையும் வரைந்துகொள்வதில்லை. நெசவின் இழைகளைக் கண்ணால் எண்ணி எண்ணி ஊசி போகிறது. எண்ணிக்கை தவறினால் வடிவம் தவறும். எண்ணுகிற கண் இருக்கும்வரை அந்தக் கலை இருக்கிறது, தைக்கிற பொருள் எதுவாக இருந்தாலும்.

கோரைப்பாய்க்குப் பெயர்பெற்ற பத்தமடையில் நிலைமை வேறு. அங்கே தட்டுப்பாடு நேரத்துக்குத்தான். தாமிரபரணிக் கரையின் கோரையைக் கீறி, உள்ளிருக்கும் சோற்றை நீக்கி, காயவைத்து, ஓடும் நீரில் ஊறவைத்து, மறுபடி மெல்லியதாகக் கிழித்துப் பருத்திப் பாவில் நெய்கிறார்கள். உயர்ந்த ரகத்துக்குப் பட்டுப் பாய் என்றே பெயர். மடித்துக் கையில் வைத்துக்கொள்ளலாம். அந்த ரகத்துக்கு உரிய நாள்களைச் செலவிட்டால் அதற்கேற்ற விலை கிடைக்க வேண்டும். கிடைக்காதபோது இழையின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுகிறார்கள். வெளியே தெரியாத இந்தக் குறைப்பு, புது டிசைனைவிட நூறு மடங்கு ஆபத்தானது.

எண்ணிக்கையையும் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவிலும் துணைத் தொழிலிலும் இருந்தவர்கள் 1995இல் சுமார் 65 லட்சம், 2009-10இல் சுமார் 43 லட்சம், 2019-20இல் சுமார் 35 லட்சம். 1985இல் கொண்டுவந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் முதலில் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கியது. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது. காஞ்சிப் பட்டு, சுங்குடி, பத்தமடைப் பாய், தோடர் பூத்தையல், சுவாமிமலைச் சிலை எல்லாவற்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. நல்லதுதான். ஆனால் குறியீடு பெயரைக் காக்கும், கூலியை உயர்த்தாது.

கூலியோடு ஆளும் குறைகிறது. கோர்வைக்கு மறுபக்க நாடா எறிய முன்பு வீட்டுப் பிள்ளைகளை உட்காரவைத்தார்கள். இன்று பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். அதனால் பல வீடுகளில் மனைவி உட்காருகிறார், அல்லது கோர்வையையே விட்டுவிடுகிறார்கள். சிலர் வேறு வழி கண்டார்கள்: ஒரு பக்கம் மட்டும் பெரிய கோர்வைக் கரை, மறுபக்கம் உடலின் நிறமே. இரண்டு நாடா போதும், ஒருவரே நெய்யலாம். கடையில் இதை நவீன டிசைன் என்று விற்கிறார்கள். தறியின் நெருக்கடியை நெசவாளர் தீர்த்த விதம் என்று எனக்குத் தெரியும். இந்த மாதிரி மாற்றத்தைத்தான் நான் நம்புகிறேன்.

இனி அடையாளம் காண்பது. கோர்வைச் சேலையைப் புரட்டி, கரை சேரும் இடத்தின் பின்பக்கத்தை விரலால் தடவுங்கள். பிணைப்பு சிறு மேடாகத் தட்டுப்படும். முந்தி தொடங்கும் இடத்தில் நெருக்கமான, சற்றுத் தடித்த ஒரு பட்டை தெரிந்தால் அது பிட்னி. சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிச்சு; கட்டி அவிழ்த்த துணி சுருங்கிக் குமிழ்குமிழாக நிற்கும், புள்ளிகள் ஒன்றுபோல இருக்காது. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் ஒரே வட்டமாக இருந்தால் அச்சு. கைக்கட்டை அஜ்ரக்கில் கட்டைகள் சேரும் இடத்தில் மயிரிழை விலகல் எங்காவது தெரியும். தோடர் தையலின் பின்பக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். ஒளிக்க எதுவும் இருக்காது.

இவற்றையெல்லாம் பார்த்தபின் விற்பவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த டிசைன் யார் போட்டது? கோ-ஆப்டெக்ஸ் தன் சேலைகள் சிலவற்றோடு நெசவாளரின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்தது. அதைப் பார்த்தபோது எனக்குப் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். நெய்தவர் பெயருக்குக் கீழே, ரேக்கை ஏற்றி இறக்கச் சொன்னது யார் என்று எழுதவும் அந்த அட்டையில் ஒரு வரி இடம் வேண்டும்.